நாணயம் எனும் சொல்

காசைக் குறிக்கும் சொல்லும் நேர்மையைக் குறிக்கும் சொல்லும் நம்மிடையே ஒன்றாக இருக்கின்றன. அச்சொல் நாணயம். கீழ்ப்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ஒருவனுக்குக் கைமாற்றாக ஓராயிரம் உருபா கொடுக்குமுன், கொடுப்பவர் அடுத்த வீட்டுப் பெரியவரிடம் "அவனுக்கு எத்தனைக் காணி நிலம்?" என்று கேட்பதில்லை, "ஆள் நாணயமானவன்தானா?" என்றே கேட்கின்றார். "நாணயத்துக்கு ஒன்றும் குறைவில்லை" என்று பெரியவர் விடையிறுத்தால் ஆவணமும் இல்லை, கைச்சாத்தும் இல்லை. இடுப்புப் பையிலிருந்து காசு வெளியே வந்துவிடுகின்றது. அவ்விடத்தில் அந்த ஒரு சொல் ஆற்றும் வேலையை வைப்பகத்தின் இருபது பக்கப் படிவம் ஆற்றுவதில்லை.

சொற்பிறப்பு ஆய்வோர் உடனே எழுந்து, "நாணயம் தென்சொல்லா?" என்று வினவுவர். காசைக் குறிக்கும் நாணகம் என்னும் சொல் வடநூல்களில் வழங்குவதை மறைக்கவேண்டுவதில்லை. எந்தச் சொல் எவரிடமிருந்து எவரிடம் சென்றது என்னும் வழக்கை அறிஞர் தீர்த்துக்கொள்ளட்டும். வடநூல்களின் நாணகம் வெறுங்காசாகவே நின்றுவிட்டது. அச்சொல்லின்மேல் நேர்மை என்னும் பொருளை ஏற்றி, காசு எனின் அது சொன்ன எடையும் சொன்ன மாற்றும் உடையதாக இருத்தல்வேண்டும், ஆளும் அவ்வாறே இருத்தல்வேண்டும் என்று எண்ணிய உள்ளம் தமிழுள்ளம். நாண் உடையவனே நாணயம் உடையவன் என்று நம் எளிய மக்கள் அச்சொல்லை நாணத்தோடு சேர்த்தே உணர்கின்றனர். அவ்வுணர்வு இலக்கணப்படி சரியோ தவறோ, வாழ்வியற்படி சரியே.

இவ்வாறு பொருளியலையும் அறவியலையும் ஒரே கயிற்றில் முறுக்கிய சொற்கள் தமிழில் வேறும் உள. பொருள் என்பது செல்வம். பொருள் என்பது சொல்லின் கருத்தும் ஆகும். கருத்தில்லாச் சொல் வெற்றோசை ஆனாற்போல, கருத்தில்லாச் செல்வமும் வெறுஞ்சுமை என்று விளக்கவுரை எழுதவேண்டிய தேவையே இல்லாமல் மொழி அதனைச் சொல்லிவைத்திருக்கின்றது. ஆனால் எல்லாவற்றினும் மேலாக என்னைத் தடுத்து நிறுத்துவது கடன் என்னும் சொல். வாங்கிய பணமும் கடன். செய்யவேண்டிய செயலும் கடன். பெற்றோர்க்குப் பிள்ளை செய்வது கடன். வேந்தன் குடிக்குச் செய்வது கடன். தண்டற்காரனுக்குக் கட்டவேண்டியதும் கடன். பிறனிடம் பெற்றதைத் திருப்பித் தருதல் என்னும் ஒரே கருத்து இரண்டிலும் ஓடுகின்றது. இன்று அச்சொல் எந்நிலைக்கு வந்துள்ளது? "அவன் கடனே என்று செய்கின்றான்" என்கின்றோம். உள்ளம் ஒன்றாமல், முகம் கோணி, தட்டிக்கழிக்கும் வகையில் செய்வதற்குக் "கடன்" என்று பெயர் வைத்துவிட்டோம். ஒரு மக்களினத்தின் சொற்கள் கீழிறங்குமாயின் அதற்குமுன் ஏதோ ஒன்று கீழிறங்கியிருக்கவேண்டும்.

பணமும் பண்பும் பற்றி நம் மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் ஒரே பாட்டு. பணம் பேய், பணம் கெடுக்கும், ஏழ்மையே தூய்மை. இப்பேச்சைக் கேட்டுக் கைதட்டுவோர் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குச் சென்று அடகுச்சீட்டைத் தேடுகின்றனர். திருவண்ணாமலையில் இரமணர் 1896ஆம் ஆண்டில் வந்திறங்கிய அன்றே, கையில் எஞ்சியிருந்த சில்லறையை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார் என்பது அவர் வரலாற்றில் உள்ள செய்தி. துறவிக்கு அது தகும். இங்கே, செஞ்சிச் சாலையின் இருமருங்கும் வானம் பார்த்த நிலத்தில் மல்லாட்டை போட்டு (மணிலாக்கொட்டை என்று கடல் கடந்து வந்த பெயரை நம் உழவர் மல்லாட்டை என்று மென்று தமிழாக்கிவிட்டனர், நிலக்கடலை என்று நாம் எழுதுகின்றோம், அவர்கள் மல்லாட்டை என்றே தின்கின்றனர்), மழை தவறினால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் குடும்பத்தான் எந்தக் குளத்தில் எதனை எறிவான்? அவனிடம் சென்று "பணம் மாயை" என்பது கொடுமை. வள்ளுவப் பேராசான் பொருள் செயல்வகை என்று 76ஆம் அதிகாரத்தை வகுத்தமை பொருள் தேடுக என்று சொல்லுதற்கே. அவரே நன்றியில் செல்வம் என்று 101ஆம் அதிகாரத்தையும், நல்குரவு என்று 105ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். பயன்படாச் செல்வத்தைப் பழித்த அதே புலவர் வறுமையையும் பழித்தாரேயன்றி, அதற்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டவில்லை.

தென்மொழியைத் தொடங்கிய பாவலரேறு, துரை. மாணிக்கம் என்னும் தம் பெயரை விடுத்துப் பெருஞ்சித்திரனார் என்னும் பெயரை ஏற்றார். அப்பெயருடைய கழகக்காலப் புலவர் யார்? புறநானூற்றில் வறுமையை அவரைப்போல் சொன்னவர் மிகச் சிலரே. பசியால் அழும் குழந்தை, அதனைத் தேற்ற வகையறியாத் தாய், நடை தளர்ந்த முதியவள் என்று ஒரு வீட்டின் பட்டினியை உள்ளே நுழைந்து காட்டியவர் அவர். அத்தகைய பட்டினியோடு இளவெளிமானிடம் சென்றபோது அவன் சிறிதளவே கொடுத்தான். புலவர் அதனை ஏற்கவில்லை. முதிரமலைக் குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று, அதனைக் கொண்டுவந்து இளவெளிமானுடைய காவல்மரத்திலேயே கட்டிவிட்டு, இரப்போரும் உளர், ஈவோரும் உளர் என்பதை அவனுக்குக் காட்டிச் சென்றார். தகடூர் அதியமான் இன்னொரு முறை, புலவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். அதனையும் அவர் மறுத்தார். முகம் காணாது தரும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றார்.

பாருங்கள், வீட்டில் பட்டினி. ஆனால் பணம் எந்த வழியில், எந்த முகத்தோடு வருகின்றது என்பதை அவர் பார்க்கின்றார். பணத்தை அவர் வெறுத்தாரா எனின், இல்லை. குமணன் தந்த பெருஞ்செல்வத்தோடு வீடு திரும்பியவுடன் மனைவியிடம் அவர் சொன்ன செய்தி 163ஆம் பாட்டில் உள்ளது. நமக்கு வேண்டியவர்க்குக் கொடு, நின் உறவினர்க்குக் கொடு, நம் பசி தீரக் கடன் தந்து உதவியவர்க்குக் கொடு, இன்னார் என்று பாராமல், என்னைக் கேட்கவும் செய்யாமல், நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்றும் எண்ணாமல் எல்லார்க்கும் கொடு என்கின்றார். பசித்த நாளில் உதவியவரை அவர் மறக்கவில்லை என்பதைக் கூர்ந்து நோக்குக. அளந்து வாங்கியதை அளந்தே திருப்பித் தரும் கடனுக்குக் குறியெதிர்ப்பை என்று ஒரு சொல்லே வைத்திருந்த குமுகாயம் அது.

அவ்வுலகம் நமக்கு அயலானதுமன்று. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் கூத்தரை வழிப்படுத்திய நன்னனின் செங்கண்மா, கீழ்ப்பென்னாத்தூருக்கு மேற்கே உள்ள இன்றைய செங்கம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனுக்கு உரியதாகச் சொல்லப்படும் கிடங்கில் கிழக்கே திண்டிவனத்தில் உள்ளது. வழிப்போக்கனுக்குச் சோறிட்டதைப் பாடும் இரண்டு ஆற்றுப்படைகளுக்கு இடையில் படுத்துறங்கும் ஊர் இது. இன்று நிறைமதி நாளில் மலைசுற்ற வருவோரிடம் ஓர் இரவு அறைக்கு வாங்கப்படும் தொகையை நினைத்தால், நன்னன் நாட்டில்தான் இருக்கின்றோமா என்னும் ஐயம் எழுகின்றது. அதனை இவ்வளவில் விடுகின்றேன்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். தம் ஆய்வு முடிபை ஊதியத்திற்காக ஒரு மயிரிழையும் வளைக்காத அவர், அங்கிருந்து வெளியேறிக் காட்பாடிப் பக்கம் வந்து தங்கினார். அன்று காட்பாடியும் திருவண்ணாமலையும் கீழ்ப்பென்னாத்தூரும் ஒரே வடஆர்க்காட்டு மாவட்டம். 1963இல் துணைவியார் நேசமணி அம்மையார் மறைந்தார். 1966இல் தமிழே உலகின் முதல் உயர்தனிச் செம்மொழி என்று நாட்டும் ஆங்கில நூலைப் பாவாணர் வெளியிட்டபோது, அதனை வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர் நேசமணிப் பதிப்பகம். பெரும் பதிப்பகம் ஒன்றும் முன்வந்து அச்சிட்டதன்று அது. 1974இல்தான் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை நிறுவி அவரை இயக்குநராக்கியது. அப்போது அவருக்கு அகவை 72. 1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய சின்னாட்களில் மறைந்தார். அகரமுதலியின் முதற்பகுதி 1985இல் வெளிவந்ததை அவர் காணவில்லை.

இவ்வரலாற்றை நம்மவர் மேடைதோறும் சொல்கின்றனர். கண்ணீர் மல்கச் சொல்கின்றனர். "வறுமையிலும் செம்மை!" என்று முழங்குகின்றனர். எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்த வறுமை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து மழைபோல் பெய்ததா? 1961 முதல் 1974 வரை பதின்மூன்று ஆண்டுகள் தமிழ்நாட்டில் தமிழரே இருந்தனர். நெல்லாலை வைத்திருந்த தமிழர், பேருந்து ஓட்டிய தமிழர், திரைப்படம் எடுத்த தமிழர், மாநாட்டுக்குப் பந்தலிட்ட தமிழர் எல்லாரும் இருந்தனர். பாவாணரின் நாணயம் பாவாணருக்குப் பெருமை. அவருடைய வறுமை அவருக்குப் பெருமையன்று, நமக்கு மானக்கேடு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரே மாலையாகச் சூட்டுவது, நம் கடனை நாம் செலுத்தாமல் விட்டதை மறைக்கும் தந்திரம். அந்நாளில் ஒருவர் அதனை உணர்ந்தார். அகரமுதலிப் பணிக்கென்று திங்கள்தோறும் சிறுதொகை தர உறுதிகூறுவோரைத் தென்மொழி வழியாகத் திரட்டியவர் பெருஞ்சித்திரனார். பெருஞ்செல்வர் எவரும் அத்திட்டத்தைத் தாங்கவில்லை. ஆசிரியர், எழுத்தர், சிறுகடைக்காரர் ஆகியோரின் சிறு காசே அதனை நடத்தியது. மறைமலையடிகள் 1911இல் கல்லூரிப் பணியைத் துறந்தபின் ஈட்டியதை நூல்களாக மாற்றிய செய்தியும், அந்நூல்கள் பிற்காலத்தில் சென்னையில் பொதுநூலகமானமையும் இவ்விதழ்ப் படிப்போர் அறிந்தனவே.

இவ்விடத்தில் நம் வீட்டுக் கதவையும் திறந்து பார்க்கவேண்டும். தனித்தமிழ் இதழ்களின் பழைய தொகுப்புகளைப் புரட்டுவோர், கட்டுரைகளுக்கு இணையாக வேறொன்றையும் காண்பர்: "கட்டணம் முடிந்துவிட்டது, அன்பர்கள் புதுப்பிக்குமாறு வேண்டுகின்றோம்." திங்களுக்குத் திங்கள், ஆண்டுக்கு ஆண்டு, ஆசிரியர் மாறினும் இதழ் மாறினும் அவ்வேண்டுகோள் மாறுவதில்லை. தமிழுக்கு உயிரையும் கொடுப்போம் என்று எழுதியவர் ஆண்டுக் கட்டணம் கொடுப்பதில்லை. உயிரைக் கொடுக்கும் தேவை வாழ்நாளில் ஒருமுறையும் வராமற் போகலாம். கட்டணம் கொடுக்கும் நாள் ஆண்டுதோறும் வந்துவிடுகின்றது. அதுதான் அவர்க்கு இடர். பெரிய ஈகத்தைப் பற்றி முழங்குவது எளிது. சிறிய தொகையைச் சொன்ன நாளில் கொடுப்பதில்தான் ஆளின் அளவு தெரிகின்றது.

பணம் பண்பை மாற்றுகின்றதா, அன்றி உள்ள பண்பை வெளிக்காட்டுகின்றதா என்று பட்டிமன்றத்தார் கேட்பர். இரண்டும் நடப்பதை வடமாவட்டங்கள் 2022ஆம் ஆண்டில் கண்ணாரக் கண்டன. ஆருத்திரா என்னும் நிதி நிறுவனம், வைத்த பணத்துக்குத் திங்களுக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஓரிலக்கம் பேரிடம் 2,400 கோடி உருபாவுக்குமேல் திரட்டியது என்று காவல்துறை கூறி, அவ்வாண்டு மே திங்களில் அதன் கிளைகளில் தேடுதல் நடத்தியது. அதே ஆண்டில் காட்பாடியை நடுவாகக் கொண்டிருந்த மற்றொரு நிறுவனமும் அவ்வாறே சிக்கியது. இது புதிதன்று. 1990களில் நிறுவனங்கள் பல இவ்வாறே வாயைப் பிளந்தமையால், வைப்பாளர் நலன் காக்கவென்று 1997இல் தமிழ்நாடு தனிச்சட்டமே இயற்றியது. சட்டம் வந்து பதினைந்தாண்டு கழிந்து, 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழி வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து ஆருத்திரா. பத்தாண்டுக்கு ஒருமுறை புதிய பெயர், புதிய பலகை. ஏமாறுவோரில் மட்டும் பழைய முகங்கள்.

தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட காசைச் சிற்றூர்ச் சபையார் முதலாகப் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசையாகச் செலுத்தினர். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இற்றைக் கணக்கில் ஆண்டுக்கு பன்னிரண்டரை விழுக்காடு. பொன்னும் பொருளும் குவிந்த பேரரசின் உச்சியில், கருவூலத்தையே பின்னணியாகக் கொண்ட கோயிலுக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முன்னர்க் கிடைத்த பொலிசை அவ்வளவே. அதனையும் நிலவும் கதிரவனும் உள்ளளவும் செலுத்துவோம் என்று கல்லில் வெட்டிக்கொடுத்தனர். இங்கோ, ஒரே திங்களில் அதனைப்போல் இருமடங்கு தருவோம் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தனர். ஆண்டுக்கு முந்நூறு விழுக்காடு ஈட்டும் தொழில் எது? உழவா? நெசவா? கடலில் முத்தெடுப்பா? வைத்தவர் அதனைக் கேட்டாரா?

"பேராசைக்காரனுக்கு வேண்டும்" என்று கைகொட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவ்வரிசையில் நின்றோருள் மகள் திருமணத்துக்கு வைத்திருந்த நகையை விற்றுப் போட்ட தாய் இருக்கின்றாள். ஓய்வூதியத் தொகை முழுவதையும் போட்ட கடைநிலை ஊழியர் இருக்கின்றார். அவர்களை அங்கு அழைத்துச் சென்றது விளம்பரம் அன்று, உறவு. அக்காள் மகன் சொன்னான், அண்ணியின் தம்பி சொன்னான், உடன் பணியாற்றும் ஆசிரியர் சொன்னார். ஒவ்வோர் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும்போதும் தரகு கிடைத்தது. தரகு வாங்கியவன் விற்றது என்ன? வைப்புச் சீட்டையா? இல்லை. "ஆள் நாணயமானவன்" என்று முப்பதாண்டாகத் தன்னைப் பற்றி ஊர் சொல்லிவந்ததை அவன் விற்றான். அவன் பாட்டனும் தந்தையும் சேர்த்துவைத்த முதல் அது. நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுக்கலாம், உடைமையை ஏலமிடலாம், போன பணத்தில் ஒரு பங்கு எப்போதோ திரும்பவும் கூடும். அக்காள் வீட்டு வாசலில் அவன் இனி எப்படிக் கால்வைப்பான்?

இதனினும் பெரிய வாணிகம் ஒன்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம் தெருவுக்கே வருகின்றது. 2009 சனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப்பின் அவ்வூர்ப்பெயரே பணப்பங்கீட்டு முறைக்குப் பெயராயிற்று. பழம்பெருமை வாய்ந்த ஓர் ஊருக்கு நேர்ந்த இழிவு அது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் பணப்பங்கீட்டால் கைவிடப்பட்டன. 2017 ஏப்பிரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தல் நீக்கப்பட்டது. 2019 ஏப்பிரலில் நமக்கு அண்டையிலுள்ள வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தலையே நீக்கி, ஆகத்து 5ஆம் நாள் மீண்டும் நடத்தினர். பணத்தின் பொருட்டு ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் நீக்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதன்முறை. முதல் ஒப்போலைமுறை எங்களுடையது என்று உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி உலகுக்குச் சொல்கின்றோம்; பணத்தால் நீக்கப்பட்ட முதல் நாடாளுமன்றத் தேர்தலும் நம் மண்ணில்தான் என்பதையும் உடன்சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. அந்தக் குடவோலைக் கல்வெட்டிலேயே, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுமுறை நிற்கக்கூடாது, அவன் உறவினரும் நிற்கக்கூடாது என்று எழுதியிருப்பதை நம் மேடைப்பேச்சாளர் விட்டுவிடுகின்றனர்.

தேர்தல் முடிந்த மறுநாள் தேநீர்க்கடையில் எழும் கேள்வி, "யாருக்கு இட்டாய்?" என்பதன்று. "உங்கள் தெருவுக்கு வந்ததா?" என்பது. வராத தெருவினர் சினங்கொள்கின்றனர். தம் உரிமையைப் பறித்துவிட்டதாகவே எண்ணுகின்றனர். "அவன் கொள்ளையடித்த பணம்தானே, நம் பணம்தானே திரும்பி வருகின்றது" என்று சொல்வோரும் உண்டு. படித்தவர்தாம் இதனை மிகுதியும் சொல்கின்றனர். நம் பணம் எனின், முறையாகக் கணக்குக் கேட்டு, பகல் வெளிச்சத்தில், தலைநிமிர்ந்து வாங்கலாமே! நள்ளிரவில் கதவைத் தட்டி, முகத்தைக் காட்டாமல் மடித்துத் தருவதை, நாமும் விளக்கை அணைத்துவிட்டு வாங்குவது ஏன்? முகம் காணாது கொடுத்தான் என்பதற்காக அதியமானின் பரிசிலையே தள்ளிய புலவரின் வழிவந்தோர் நாம்.

தூத்துக்குடி அறியாத செய்தியன்று இது. வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டபோது, வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பயன் இல்லை. பின்னர்க் கட்டணமே வேண்டா, ஏறி வருக என்றது. ஏறுவோர்க்கு ஆளுக்கொரு குடையும் தருவதாகச் சொன்னது. அந்நாளில் ஓர் ஏழைப் பயணிக்குக் குடை என்பது சிறு பொருளன்று. ஆயினும் குடையை மறுத்துக் காசு கொடுத்துச் சிதம்பரனாரின் கப்பலில் ஏறியோர் இருந்தனர். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வெள்ளையன் அவர்களை விலைக்கு வாங்க முடியாமையாலேயே, 1908இல் சிதம்பரனாரைச் சிறையிலிட்டு அந்நிறுவனத்தை முறிக்கவேண்டிவந்தது. குடைக்கு மயங்காத மக்கள் இருந்தவரை வணிகத்தால் வெல்ல முடியவில்லை, அடக்குமுறையால்தான் வென்றனர். இன்றைய குடைக்காரர்க்கு அடக்குமுறை தேவைப்படுவதில்லை.

தமிழர் இறையாண்மை, தமிழர் உரிமை, தமிழ்வழிக் கல்வி என்றெல்லாம் நாம் எழுதுகின்றோம். இரண்டாயிரம் உருபாவுக்குத் தன் ஒப்போலையைக் கைமாற்றிவிட்டவன் மறுநாள் எந்த வாயால் உரிமை கேட்பான்? விற்ற பொருளின்மேல் விற்றவனுக்கு உரிமை உண்டா? நம் இயக்கத்தாருள்ளும், நம் மன்றங்களின் பொறுப்பாளருள்ளும், வீட்டார் வாங்கினர், எனக்குத் தெரியாது என்று சொல்வோர் இருக்கக்கூடும். தெரியாதெனின் கேட்டுத் தெரிந்துகொள்க. மனைவியையும் மக்களையும் முன்னிறுத்தி மறைந்துகொள்வது தமிழ்மறம் ஆகாது.

எனவே இவ்விதழ் வழியாக மன்றங்களின்முன் ஒரு கருத்தை வைக்கின்றேன். நம் மன்றங்கள் ஒவ்வொன்றும் தம் வரவு செலவை ஆண்டுவிழா மேடையில், முதன்மைப் பேச்சுக்கு முன்னதாக, வாய்விட்டுப் படிக்கவேண்டும். பந்தலுக்கு எவ்வளவு, துவரொட்டிக்கு எவ்வளவு, விருந்தினர்க்கு எவ்வளவு, கொடுத்தவர் யார், கொடுப்பதாகச் சொல்லிக் கொடாதவர் யார் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். கடைசிப் பட்டியல் சிலர்க்குக் கசக்கும். தேர்தலில் பணம் பெறுவதில்லை என்று வீட்டாரோடு சேர்ந்து கையொப்பமிட்டோரே பொறுப்புக்கு நிற்கவேண்டும். வட்டித்தரகும் சீட்டுத்தரகும் செய்வோரை மன்றத்தின் பணத்தின் அருகில் விடவே கூடாது. தமிழாய்வில் முழுநேரம் ஈடுபட்டு வருவாயின்றி இருப்போர் வட்டாரத்தில் எவரேனும் இருப்பின், இறந்தபின் படத்திறப்பு விழா எடுப்பதற்கு ஒதுக்கும் தொகையை உயிரோடிருக்கும்போதே திங்கள்தோறும் கொடுத்துவிடவேண்டும்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர், வார நாளில் ஒருமுறை கீழ்ப்பென்னாத்தூர்ப் பக்கம் எந்தச் சிற்றூரிலேனும் மகளிர் தன்னுதவிக் குழு கூடும் திண்ணைக்குச் சென்று பார்க்கலாம். 1989இல் தருமபுரியில், அதாவது அதியமானின் தகடூரில், அரசுத் திட்டமாகத் தொடங்கிய அக்குழுக்கள் பின்னர்த் தமிழ்நாடு முழுதும் பரவின. அவற்றில் இருப்போருள் பலர் களையெடுக்கச் செல்பவர். கையெழுத்துக்குமேல் எழுதத் தெரியாதவரும் உளர். இந்தக் கிழமை யார் எவ்வளவு சேமித்தார், யார் கடன் திருப்பினார், யார் தவறினார் என்று ஏட்டை விரித்து, எல்லார் முன்னும், பெயர் சொல்லிப் படிக்கின்றனர். தவறியவள் எழுந்து கரணியம் சொல்கின்றாள். புலவர் பட்டம் பெற்றவர் நிறைந்த நம் மன்றங்களில் எத்தனை மன்றம் அவ்வாறு ஏடு விரித்திருக்கின்றது? இதனை ஏற்கும் மன்றங்களும் மறுக்கும் மன்றங்களும், மறுப்பின் அதற்கான கரணியத்தோடு, அடுத்த திங்கள் பத்தாம் நாளுக்குள் ஆசிரியர்க்கு எழுதுக. நிலுவைக் கட்டணத்தை உடன் வைத்து எழுதினால் அஞ்சற்செலவும் மிஞ்சும்.